பழைய ஜீப்பில் சேஸிஸ் நம்பர் தேய்ந்துவிட்டதா?

வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் அந்த அடையாள எண்ணை நீங்களாகப் பஞ்ச் அடிக்காதீர்கள், அதாவது மறுபடி பொறிக்காதீர்கள். என் மஹிந்திரா ஜீப்பைப் பார்த்த பட்டறைக்காரர், "புதுசா நம்பர் அடிச்சிடலாம் சார்" என்றார், நான் விடவில்லை. அப்படி அடித்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் வரும்.

மண்ணெண்ணெய்த் துணியைப் போட்டு ஊறவிடுங்கள். துரு இளகியதும் பழைய டூத் பிரஷ் போதும். கிரைண்டர், உப்புத்தாள் கூடவே கூடாது. காய்ந்ததும் சாக்பீஸ் தூள் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். 3 என்று நினைத்தது 8 என்று தெளியும். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

அப்படியும் தெரியாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, அனுமதி வந்த பிறகே பஞ்ச். 50 ஆண்டு தாண்டிய வண்டியென்றால் இன்னும் கவனம்: 2021 விதிப்படி வின்டேஜ் பதிவுக்கு சேஸிஸ் மாற்றப்படாமல் இருக்க வேண்டும்.