குரூஸில் கரைச் சுற்றுலா: புக் செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரூஸ் டிக்கெட் உறுதியான சில நாட்களிலேயே கப்பல் நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கரைச் சுற்றுலாக்களின், அதாவது கப்பல் நிற்கும் ஊரில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் டூர்களின், நீண்ட பட்டியல், கூடவே "இடங்கள் வேகமாக நிரம்புகின்றன" என்ற அவசரம். இதைப் பார்த்ததும் பயணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். வம்பே வேண்டாம் என்று எல்லா ஊருக்கும் கப்பலிலேயே பணம் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். விலையைப் பார்த்து மிரண்டு, எதுவானாலும் நாமே போய்க்கொள்ளலாம் என்று ஒன்றைக்கூடத் தொடாதவர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டு பேரும் செய்வது ஒரே தவறு. முழுப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே முடிவை எடுத்துவிடுகிறார்கள். இந்த முடிவை ஊர் ஊராகத்தான் எடுக்க வேண்டும். மாண்டினீக்ரோவின் கோட்டோர் துறைமுகத்தில் இறங்கினால் எதிரிலேயே பழைய நகரத்தின் கோட்டைச் சுவர் நிற்கிறது. அங்கே நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் பேருந்து டூர் எதற்கு? அதே பயணி இன்னொரு பயணத்தில் பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கிப் பாரிஸ் பார்க்க ஆசைப்பட்டால் கணக்கு அடியோடு மாறிவிடும்.

பெயரை நம்பி ஏமாறுவது

பயணத் திட்டத்தில் "பாரிஸ்" என்று இருக்கும். கப்பல் போய் நிற்பது லெ ஹாவ்ரில். அங்கிருந்து பாரிஸ் சுமார் 200 கிலோமீட்டர். "ரோம்" என்றால் சிவிடவெக்கியா, சுமார் 70 முதல் 80 கிலோமீட்டர். "ஃபுளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ, "பாங்காக்" என்றால் பெரும்பாலும் லாம் சபாங், "பெர்லின்" என்றால் வார்னமுண்டே. வார்னமுண்டேயிலிருந்து பெர்லினுக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெனிஸ் இன்னும் சிக்கல். 2021 ஆகஸ்ட்டிலிருந்து பெரிய கப்பல்கள் நகரத்தை ஒட்டிய ஜியுதெக்கா கால்வாய் வழியாகப் போக முடியாது. அதனால் "வெனிஸ்" என்று விற்கப்படும் சில பயணங்கள் 140 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் ராவென்னாவில் நிற்கின்றன.

ஆகவே விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் வரைபடத்தைத் திறங்கள். கப்பல் நிற்கும் இடத்தின் சரியான பெயர் என்ன, நீங்கள் பார்க்க நினைக்கும் இடம் எவ்வளவு தூரம், எதில் போகலாம் என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும். பிரேயஸ் போன்ற துறைமுகத்தில் மெட்ரோவில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஏதென்ஸின் மையத்தில் இருப்பீர்கள். நார்வேயின் பெர்கனில் நடந்தே ஊரைப் பார்த்துவிடலாம். இத்தகைய ஊர்களில் கப்பல் நிறுவனம் விற்கும் டூர் வசதிக்காக மட்டும்தான், தேவைக்காக இல்லை.

காலை 7 முதல் மாலை 7 வரை என்றால் 12 மணி நேரம் என்று நினைப்பது

அதிகமானோர் சறுக்குவது இங்கேதான், எனவே ஒரு நாளைப் பிரித்தே பார்த்துவிடலாம். சிவிடவெக்கியாவில் கப்பல் காலை 7 மணிக்கு வருகிறது, மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது. துறைமுக அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று, இறங்கும்போது எட்டு மணி ஆகியிருக்கும். துறைமுகத்துக்குள் நடக்க முடியாது. ஷட்டில் பஸ்ஸில் லார்கோ டெல்லா பாச்சே என்ற இடம் வரை வந்து, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ரயில் பிடித்து ரோமில் கால் வைக்கும்போது ஒன்பதரை அல்லது பத்து.

இனி திரும்பும் கணக்கு. கப்பல் கிளம்புவது ஏழு மணி என்றால், எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் பொதுவாக அரை மணி முன்னதாக இருக்கும், சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே. சொந்தமாகப் போகிறவர் அதற்கும் இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடும்படி திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரயில் தாமதம், வேலைநிறுத்தம், வழி தவறுவது எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் மூன்று, மூன்றரைக்கெல்லாம் ரோமை விட்டுக் கிளம்ப வேண்டும். கையில் மிஞ்சுவது ஐந்து அல்லது ஆறு மணி நேரம். ஒன்று கொலோசியம் பக்கம், இல்லையென்றால் வத்திக்கான் பக்கம். இரண்டையும் நிதானமாகப் பார்க்க அது போதாது. ஆனால் ஒன்றை நன்றாகப் பார்க்கலாம், கப்பல் டூர் இல்லாமலே.

இதே கணக்கை லெ ஹாவ்ருக்குப் போட்டுப் பாருங்கள். பாரிஸில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தால் அதிகம். பாரிஸ் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கப்பல் நிறுவனத்தின் பேருந்தில் போய்விடுங்கள். அதற்கு மனசில்லை என்றால், சுமார் 25 கிலோமீட்டரில் ஒன்ஃப்ளூர் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது, இன்னொரு பக்கம் எத்ரதாவின் வெண்பாறைக் குன்றுகள் இருக்கின்றன. ஆறு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து பாரிஸை எட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் எப்போதும் ஒத்துப்போகாது. மெக்சிகோவின் கொசுமெல் அமைந்துள்ள கின்டானா ரோ மாநிலம் 2015-இல் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் புளோரிடாவில் உண்டு, கொசுமெலில் கிடையாது. புளோரிடாவிலிருந்து வரும் கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே வந்தால், கோடையில் கரையில் மணி நான்கு என்றால் கப்பலில் ஐந்து. கைபேசி தானாகவே ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பிக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் கப்பல் போயே போய்விடும். இறங்கும் முன் கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

"கப்பல் காத்திருக்கும்" என்பதை அரைகுறையாகப் புரிந்துகொள்வது

கப்பல் டூரை விலை கொடுத்து வாங்குவதில் உண்மையான லாபம் இதுதான். அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டு சேர்ப்பார்கள். "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா நேரத்திலும் கப்பல் நின்றே தீரும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

வெளி டூரில், அதாவது கப்பல் நிறுவனம் மூலம் இல்லாமல் வேறு ஆட்களிடம் நேரடியாக வாங்கிய டூரில், போய்த் தாமதமானால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சாவோ தொமே தீவில், வெளி டூரில் போன எட்டுப் பயணிகள் தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் இன்னும் நங்கூரமிட்டுத்தான் நின்றது. கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை. பல நாடுகளைக் கடந்து, செனகலின் டாக்காரில்தான் அவர்களால் கப்பலைப் பிடிக்க முடிந்தது. அவர்களில் முதியவர்களும் கர்ப்பிணி ஒருவரும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வெளி டூரே வேண்டாம் என்று பயப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வேறு: கப்பலைத் தவறவிட்டால் அடுத்து என்ன? அடுத்த ஊர் ரயிலில் போகும் தூரம் என்றால் செலவும் அலைச்சலும்தான். சுற்றிலும் கடல், விமானமோ அரிது என்றால் அந்த ஒரு ஊருக்கு மட்டுமாவது கப்பல் டூரை எடுங்கள், அல்லது துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள். எப்படிப் போனாலும் அடையாள ஆவணத்தின் நகல், பணம், அன்றாட மருந்து, துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பாக இருப்பவர்) தொலைபேசி எண் எல்லாம் கையில் இருக்கட்டும். அந்த எண் கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

டெண்டர் படகை மறந்துவிடுவது

எல்லா ஊரிலும் கப்பல் கரையோடு கட்டப்படுவதில்லை. கிராண்ட் கேமன், பெலீஸ் சிட்டி, சான்டோரினி போன்ற இடங்களில் கடலில் நின்றுகொண்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். இதில் கப்பல் டூர் எடுத்தவர்களுக்கே பெரும்பாலும் முதல் படகுகள். மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கப்பல் எட்டு மணிக்கு வருகிறது என்று எட்டரைக்கு வெளி டூர் புக் செய்துவிட்டுப் படகு வரிசையில் தவிப்பவர்கள் நிறைய. குறைந்தது ஒன்றரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சான்டோரினியில் இன்னொரு சங்கதி உண்டு. படகு இறக்கிவிடும் பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபீரா ஊருக்குப் போகக் கேபிள் கார், கழுதை, அல்லது 580-க்கும் மேற்பட்ட படிகள். ஒரே நாளில் சில பெரிய கப்பல்கள் வந்துவிட்டால் இறங்குவதற்கான கேபிள் கார் வரிசை மிக நீண்டுவிடும். கடைசிப் படகு கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம், அலை அதிகமாக இருந்தால் டெண்டரே ஓடாது. அன்றைக்கு அந்த ஊரே ரத்து.

விளக்கத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்து வாங்குவது

கப்பல் டூர் விளக்கங்களுக்கு என்றே ஒரு மொழி இருக்கிறது. "பனோரமிக்" என்று இருந்தால் பெரும்பாலும் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். "ஃபோட்டோ ஸ்டாப்" என்றால் வாசலில் பத்து நிமிடம், உள்ளே போக முடியாது. "ஆன் யுவர் ஓன்" என்றால் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார்கள், வழிகாட்டி இருக்கமாட்டார். இந்தக் கடைசி வகையை நான் குறையாகச் சொல்லவில்லை. ரோம், பாரிஸ் போன்ற தூரத்து ஊர்களுக்கு அதுதான் பல நேரம் சிறந்த பேரம்: போக்குவரத்துக் கவலை அவர்களுடையது, நேரம் உங்களுடையது. ஆனால் வழிகாட்டி வருவார் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

"எட்டு மணி நேர டூர்" என்றால் அதில் பயணம் எவ்வளவு, கடை வாசலில் நிறுத்துவது எவ்வளவு, சாப்பாடு உண்டா, நுழைவுச் சீட்டு சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காலையில் தியேட்டரில் கூடி, சட்டையில் எண் ஸ்டிக்கர் ஒட்டி, நாற்பது ஐம்பது பேரும் வந்து சேரும் வரை காத்திருப்பதும் உங்கள் நேரத்தில்தான் போகும். நடை எவ்வளவு, படிகள் உண்டா என்பதற்கான குறியீடும் இருக்கும். முட்டி வலி உள்ளவர்களையோ சின்னக் குழந்தைகளையோ கூட்டிப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சொந்தமாகப் போகிறவர்கள் கிழமையைப் பாருங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஃபுளோரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

கப்பலில் வாங்கினால் ஆபத்தே இல்லை என்று நம்புவது

கப்பல் நிறுவனம் விற்கும் டூர்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது உள்ளூர் நிறுவனங்கள்தான். டிக்கெட் நிபந்தனைகளில் அது தெளிவாகவே எழுதியிருக்கும். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வாகாரி எரிமலைத் தீவு வெடித்தபோது அங்கிருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தார்கள். அன்று தீவில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரே குரூஸ் கப்பலிலிருந்து கரைச் சுற்றுலாவாக வந்தவர்கள். கப்பலின் பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே ஒரு டூரின் ஆபத்தை யோசிக்காமல் விடக் கூடாது. எரிமலை, ஸ்கூபா, ஜிப் லைன், ஹெலிகாப்டர் என்றால் நீங்களே விசாரியுங்கள். உங்கள் பயணக் காப்பீடு அதற்குப் பொருந்துமா என்று எழுத்தில் பாருங்கள். பல காப்பீடுகளில் சாகச விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

விலையும் நேரமும்

கப்பல் டூர் தலைக்கு இவ்வளவு என்று விற்கப்படுகிறது. நான்கு பேர் சேர்ந்தால் அதே பணத்துக்கோ குறைவாகவோ ஒரு தனிக் காரும் ஓட்டுநரும் கிடைக்கும் ஊர்கள் ஏராளம். தனியாகப் போகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது, அவருக்குக் கப்பல் டூரே மலிவாக முடியலாம்.

"இன்றே புக் செய்யுங்கள்" என்பது சில டூர்களுக்கு மட்டும் உண்மை. அலாஸ்காவில் பனியாற்றில் இறக்கும் ஹெலிகாப்டர், ஸ்காக்வேயின் மலை ரயில், சிறு படகில் திமிங்கிலம் பார்ப்பது போல இடம் குறைவாக உள்ளவற்றைச் சீக்கிரம் பிடித்துவிடுங்கள். சாதாரண நகர் உலா பேருந்துக்கு அந்த அவசரம் தேவையில்லை. ஆனாலும் கப்பல் ஏறியபின் வாங்குவதைவிட முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது பெரும்பாலும் மலிவு, ரத்து செய்யக் கெடுவும் இருக்கும். அந்தக் கெடு எல்லா டூருக்கும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

வெளி டூர் என்றால் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலே போய்விட்டால் முழுப் பணமும் திரும்புமா? கப்பல் தாமதமாக வந்தால் காத்திருப்பார்களா? எத்தனை மணிக்குத் துறைமுகத்தில் கொண்டு வந்து விடுவார்கள்? குரூஸ் பயணிகளையே நம்பித் தொழில் செய்பவர்கள் இவற்றுக்கு உடனே, எழுத்திலேயே பதில் தருவார்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியாக, எந்த டூரும் எடுக்காமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். கப்பல் நிறுவனங்களின் சொந்தத் தீவுகளில் கடற்கரையும் சாப்பாடும் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கிவிடும். தொடர்ந்து மூன்று துறைமுகங்கள் வரும் வாரத்தில், நடுவில் ஒரு நாள் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். அன்று நீச்சல் குளத்தில் கூட்டம் இருக்காது, ஸ்பாவில் தள்ளுபடிகூடக் கிடைக்கலாம். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால், எந்த நாளில் ஓய்வு என்பதை முதலில் குறித்துவிட்டு மீதி நாட்களுக்கு டூர் தேடுங்கள்.