கார் நேவிகேஷன் மேப்பை நாமே அப்டேட் செய்வது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு

பழைய மேப் உள்ள காரில் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போய்ப் பாருங்கள். டயர் தார் ரோட்டில்தான் உருளும். திரையில் உள்ள அம்புக்குறியோ ரோடே இல்லாத இடத்தில், சில நேரம் கடலுக்குள், போய்க்கொண்டிருக்கும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, அரிச்சல்முனை வரைக்கும் ஒழுங்கான சாலை திறக்கப்பட்டது 2017-இல்தான். அதற்கு முன்பே தயாரான மேப்புக்கு அது எப்படித் தெரியும்?

போனில் மேப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ராமநாதபுரம் டவுனுக்குள் போனே போதும். தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் வரும், போகும். காரோடு வரும் மேப் முழுவதும் காருக்குள்ளேயே இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வழியாகத் தெரிந்துகொள்கிறது. அதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். போனிலும் ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் காரில் காசு கொடுத்து வாங்கிய வசதியைப் பழசாகவே விட்டுவைப்பானேன்?

முதலில், அது யாருடைய மேப்?

புதிதாகக் கார் வாங்கியவர்கள் குழம்புவது இங்கேதான். ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்ப்ளேயோ ஓடினால் திரையில் தெரிவது உங்கள் போனின் மேப். போன் கேபிளைக் கழற்றுங்கள், ப்ளூடூத்தையும் வைஃபையையும் அணையுங்கள். அதன் பிறகும் மேப் திறந்தால் அது காருடையது. திறக்கவில்லையென்றால் உங்கள் காரில் சொந்த மேப் இல்லை, அப்டேட் செய்யவும் ஒன்றுமில்லை.

சொந்த மேப் இருக்கிறது என்றால், செட்டிங்ஸில் வெர்ஷன் என்றோ சிஸ்டம் இன்ஃபோ என்றோ இருக்கும் பக்கத்தைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அப்டேட் உண்மையிலேயே நடந்ததா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்தான் ஆதாரம். ஆர்சியில் உள்ள 17 எழுத்துச் சேசிஸ் நம்பரையும் எடுத்து வையுங்கள், சில நிறுவனங்கள் கேட்கும். ஒரே மாடல் காராக இருந்தாலும் வருடம் மாறினால் உள்ளே இருக்கும் திரை வேறாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு இறக்கிய ஃபைல் உங்கள் காருக்கு ஆகாமல் போவது இதனால்தான். சேமித்து வைத்த இடங்களையும் ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அழியாது, இருந்தாலும் சில திரைகளை நம்ப முடியாது.

எந்த வழி?

இணைய வசதி உள்ள புதிய கார்களில் மேப் தானாகவே இறங்கும். அறிவிப்பு வந்தால் சம்மதம் கொடுங்கள், அவ்வளவுதான்.

எஸ்டி கார்டில் மேப் உள்ள கார்களில், நிறுவனம் சொல்லும் முறையைத் தவிர வேறு எதையும் அந்தக் கார்டில் செய்யாதீர்கள். பல கார்களில் மேப் அந்தக் குறிப்பிட்ட கார்டோடு பூட்டப்பட்டிருக்கும். வேறு கார்டில் நகல் எடுத்துப் போட்டால் ஓடாது, ஃபார்மட் செய்தால் புதுக் கார்டுதான் வாங்க வேண்டிவரும்.

மூன்றாவது, பென் டிரைவ். கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பென் டிரைவ் தயார் செய்வது

காலியான 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுங்கள். உங்கள் மேப் அதைவிடப் பெரிதென்றால் நிறுவனமே சொல்லியிருக்கும். லேப்டாப்பில் போட்டு, வலது கிளிக் செய்து ஃபார்மட் கொடுங்கள். அப்போது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை எது என்று கேட்கும்; எஃப்ஏடி32 வேண்டுமா எக்ஸ்ஃபேட் வேண்டுமா என்பதைக் கார் நிறுவனத்தின் குறிப்பில் பாருங்கள். எஃப்ஏடி32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை எழுதவே முடியாது. காப்பி பாதியில் நின்று 'ஃபைல் பெரிதாக உள்ளது' என்று வந்தால் காரணம் அதுதான். பென் டிரைவ் கெட்டுப்போகவில்லை, குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மேப்பைக் கார் நிறுவனத்தின் தளத்தில் மட்டும் இறக்குங்கள். ஹூண்டாய், கியா போன்றவை நேவிகேஷன் அப்டேட்டர் என்று ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளே வைத்திருக்கின்றன. அதில் மாடலைத் தேர்ந்தெடுத்தால் பென் டிரைவில் எழுதுவது வரை அதுவே பார்த்துக்கொள்ளும். கடைகளில் மலிவாக 'லேட்டஸ்ட் மேப்' போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். திரை செத்துப்போனால் அந்தக் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

ஃபைல் பல ஜிபி இருக்கும். இரவில் வீட்டு வைஃபையில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஜிப்பாக, அதாவது சுருக்கிக் கட்டிய ஒரே ஃபைலாக, இறங்கியிருந்தால் பிரிக்கும்போது கவனம் தேவை: விண்டோஸ் அந்த ஜிப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, மேப் ஃபைல்கள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிடும். அந்த ஃபோல்டரோடு பென் டிரைவில் போட்டால் பல கார்களுக்குக் கண் தெரியாது, 'அப்டேட் ஃபைல் இல்லை' என்று சொல்லும். ஃபோல்டருக்குள் இருப்பதை வெளியே எடுத்து, பென் டிரைவைத் திறந்ததுமே அவை தெரிகிற மாதிரி வையுங்கள். காப்பி முடிந்ததும் சட்டென்று உருவாமல் எஜெக்ட் கொடுத்து எடுங்கள்.

காரில் போடுவது

வண்டியை வெளியே, நிழலில் நிறுத்துங்கள். என்ஜின் ஓட வேண்டும், இல்லையென்றால் பாதியில் பேட்டரி இறங்கிவிடும். அதனால் மூடிய ஷெட்டுக்குள் மட்டும் செய்யவே கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, போன் கேபிளை எடுத்துவிடுங்கள்.

காரில் இரண்டு யூஎஸ்பி பொருத்துமிடம் இருந்தால் ஒன்று சார்ஜ் போடுவதற்கு மட்டும் இருக்கலாம். பாட்டு கேட்கிற பொருத்துமிடத்தில் செருகுங்கள். பாம்பன், மண்டபம் போல உப்புக்காற்றிலேயே நிற்கும் வண்டி என்றால் முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தகடுகள் பச்சை பூத்திருந்தால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். அப்டேட் நடுவே அப்படி அறுந்தால் தலைவலி. மெக்கானிக்கிடம் சுத்தம் செய்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செருகியதும் திரை தானாகக் கேட்கும், கேட்காவிட்டால் செட்டிங்ஸில் அப்டேட் பட்டனை அழுத்துங்கள். அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரத்தைத் தாண்டவும் செய்யலாம். நடுவில் திரை கறுத்து மறுபடி எழும், பயப்பட வேண்டாம். முடிந்தது என்று எழுத்தில் வரும்வரை பென் டிரைவையும் தொடாதீர்கள், சாவியையும் தொடாதீர்கள்.

சரியாக ஏறியதா?

பழைய படத்தோடு வெர்ஷன் எண்ணை ஒப்பிடுங்கள். அப்புறம் அரிச்சல்முனைக்கு வழி போடச் சொல்லுங்கள், கோடு முனை வரை அறுபடாமல் போக வேண்டும். மதுரை சாலையின் தேசிய நெடுஞ்சாலை எண் 49 என்று காட்டினால் மேப் ரொம்பப் பழசு, இப்போது அது 87. பேக்கரும்பில் 2017-இல் திறந்த கலாம் நினைவிடத்தையும் தேடிப் பாருங்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்தது ரயில் பாலம். கார் போவது 1988-இல் திறந்த அதே சாலைப் பாலத்தில்தான், அதை வைத்து மேப்பைச் சோதிக்க முடியாது. பரமக்குடி–ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது முடிந்ததும் இந்த வேலை மறுபடி இருக்கிறது.

தேடும்போது ஏர்வாடி என்று போட்டால் திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடியும் வரும். தர்காவுக்குப் போகிறவர்கள் மாவட்டப் பெயரைப் பார்த்து அழுத்துங்கள். கீழக்கரை கிடைக்கவில்லையென்றால் ஆங்கிலத்தில் இரண்டு ஈ போட்டு ஒருமுறை, ஒரு ஐ போட்டு ஒருமுறை தேடுங்கள்.

கடைசியாக, வழி செட்டிங்ஸில் 'குறைந்த தூரம்' என்று இருந்தால் 'குறைந்த நேரம்' என்று மாற்றுங்கள். மண்பாதையைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். நம் பக்கம் கண்மாய்க்கரையும் உப்பளத்துப் பாதையும் மேப்பில் ரோடு மாதிரியே தெரியும். தூரம் மிச்சம் என்று கார் அங்கே இழுத்துக்கொண்டு போனால், இரண்டு பக்கமும் கருவேல முள், நடுவில் திருப்ப இடமில்லாத ஒற்றைத் தடம்.