புரோட்டோடைப்பை ரொம்ப அழகாகச் செய்துவிடாதீர்கள்

பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி 1996இல் சந்தைக்கு வருவதற்கு முன்பு, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப்பையில் ஒரு மரத்துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் அதை வெளியே எடுத்து, குச்சியால் தட்டி, நாட்காட்டி பார்ப்பதுபோல் நடிப்பார். ‘இந்த அளவில் ஒன்றைத் தினமும் சுமப்பேனா, எதற்கெல்லாம் எடுப்பேன்?’ அவருக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். அதற்கு மரமே போதும். அந்த மரத்துண்டுதான் அவருடைய புரோட்டோடைப், அதாவது சோதித்துப் பார்ப்பதற்கான மாதிரி.

நாமோ ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறந்ததும் நிறம், நிழல், லோகோ என்று இறங்கிவிடுகிறோம். பளபளப்பான ஸ்கிரீனைப் பார்ப்பவர், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். குறை சொல்லக் கூச்சப்பட்டு, “பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஸ்கிரீன் மாதிரிகளை வரைய உதவும் பால்சமிக் மென்பொருள் தன் படங்களைக் கையால் கிறுக்கியதுபோலக் காட்டுவது இதற்காகத்தான்.

அதைவிட மோசமான தவறு வாயில் இருக்கிறது. மருந்துக்கடைகள் மொத்த வியாபாரியிடம் ஆர்டர் போடுவதற்கான ஒரு செயலியின் புரோட்டோடைப்பைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கட்டைவிரல் ஸ்கிரீனுக்கு மேலே தயங்கி நின்றது. பொறுக்காமல், “கீழ பாருங்க சார், அந்த நீல பட்டன்” என்றேன். அவ்வளவுதான், அந்தச் சோதனை வீண். அடுத்த கடையில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அண்ணாச்சி தேடல் பெட்டியைத் தொடவே இல்லை. கல்லாவிலிருந்து போன வாரத்துப் பில்லை எடுத்து, “இதே சரக்குதான் திரும்ப வேணும். இதை எங்க போடுறது?” என்றார். அப்படி ஒரு ஸ்கிரீனே எங்களிடம் இல்லை. “நல்லா இருக்கா?” என்று கேட்டிருந்தால், “நல்லா இருக்கு தம்பி” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

பொய்த் தரவும் ஏமாற்றும். ‘மருந்து 1, மருந்து 2’ என்று போட்டால் எல்லாம் கட்டத்துக்குள் அழகாக உட்காரும். பாராசிட்டமால் 500, 650, சிரப் என்று நிஜப் பட்டியலைப் போட்டால்தான் எது எதோடு குழம்பும் என்று தெரியும். தமிழில் செய்கிறீர்களா? ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் அடங்கிய சப்மிட், ‘சமர்ப்பிக்கவும்’ ஆனதும் பட்டனைவிட்டு வெளியே வழியும். (‘அனுப்பு’ என்று வைத்தால் என்ன என்பது வேறு சண்டை.)

ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதைப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். திருத்தித் திருத்தி ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து பேர் என்பதே அவர் கணக்கு. கடைக்காரரும் மொத்த வியாபாரியும் வேறு வேறு வகைப் பயனர்கள்; தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். நண்பர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

கடைசியாக, அவசரத்தில் எழுதிய புரோட்டோடைப் நிரலையே தயாரிப்பாக்கும் ஆசை. ஏஐ கருவிகள் ஒரு மதியத்தில் ஓடுகிற செயலியையே கொடுத்துவிடுவதால் இது இப்போது இன்னும் அதிகம். எங்கள் டெவலப்பரும் அண்ணாச்சி கேட்ட அந்தப் பில் ஸ்கிரீனை ராத்திரியே எழுதிவிடலாம் என்றார். வேண்டாம் என்று ஏ4 தாளில் வரைந்து மறுநாள் கொண்டுபோனேன். அண்ணாச்சி என் பேனாவை வாங்கி, ஒவ்வொரு மருந்துக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் போட்டார். “எண்ணிக்கையை இங்கேயே மாத்தணும் தம்பி.”