‘எல்லாரும் சமம்’ என்று ஆரம்பிக்கும் பயிற்சிகள்: ஆலோசகர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி, கல்லூரி, நம்பிக்கை மையம் (எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையம்), சகி மையம் (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவி மையம்), ஹெல்ப்லைன் என எங்கே வேலை பார்க்கும் மனநல ஆலோசகரும் என்றாவது ஒருநாள் இரண்டு பயிற்சிகளில் உட்கார்ந்திருப்பார். ஒன்று பன்முகத்தன்மை விழிப்புணர்வு: சாதி, மதம், பாலினம், மாற்றுத்திறன் பற்றியது. இன்னொன்று ஆலோசகரின் சொந்த மனநலம் பற்றியது. இரண்டையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ரிசோர்ஸ் பர்சனை வைத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் நடத்துவார்கள். என் கணக்கில் முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

வேலைக் களைப்பை (பர்ன்அவுட்) அளக்க 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் உருவாக்கிய அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, ‘நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை’ என்று தோன்றுவது. நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். காலையிலிருந்து ஏழு பேரைக் கேட்டு முடித்த ஆலோசகர் முன்னால் சாயங்காலம் நாலு மணிக்கு எட்டாவது ஆள் வந்து உட்காருகிறார். முழுதாகக் கேட்கத் தெம்பில்லை. அப்போது மூளை குறுக்கு வழி தேடும். ‘இந்த ஏரியாப் பசங்க இப்படித்தான்’, ‘இவங்க வீட்டுல இதெல்லாம் சகஜம்’. காலை பத்து மணிக்கு இதே ஆலோசகர் அப்படி நினைத்திருக்க மாட்டார். முன்முடிவு எல்லாமே அறியாமையிலிருந்து வருவதில்லை, பாதி அசதியிலிருந்து வருகிறது. அதனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது நிற்காது.

சாதி விஷயத்துக்கு வருவோம். பங்கேற்பாளர்களைச் சுற்றி உட்காரவைத்து ‘நான் யாரிடமும் வேறுபாடு பார்ப்பதில்லை’ என்று சொல்லவைப்பதோடு பல பயிற்சிகள் தொடங்குகின்றன. எல்லாரும் கைதட்டுகிறார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் ரோல் ப்ளே. ஒருவர் மாணவன், ஒருவர் ஆலோசகர். நெல்லை, தூத்துக்குடி பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

‘வாங்க தம்பி, எந்த ஊரு?’

மாணவன் ஊர்ப் பெயரைச் சொல்கிறான்.

‘ஓ, அங்கயா? ஊர்ல எந்தத் தெரு?’

சொல்கிறான், கொஞ்சம் தயங்கி.

‘அப்பா என்ன பண்றாங்க? எந்தக் கோயில் கும்பிடுவீங்க?’

ஆலோசகராக நடிப்பவருக்கு இது சகஜமாகப் பழகுவதற்கான பேச்சு. எதிரில் இருக்கும் பையனுக்கு இரண்டாவது கேள்வியிலேயே விஷயம் புரிந்துவிடும். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான் என்று அங்கே வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்தாலும் உண்மையைப் பேச மாட்டான். அவன் எதற்காக வந்தான் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவே இல்லை. ‘இன்னைக்கு என்ன பேசலாம்னு வந்தீங்க?’ என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது. பதிவுப் படிவத்தில் சாதிக் கட்டம் இருந்தால் அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் காலியாக விடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சாதியைக் கேட்காமல் இருப்பதே நாகரிகம் என்று நினைத்து, அதுதான் காயம் என்று ஒருவர் சொல்லும்போதும் பேச்சை மாற்றிவிடுவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ தலித் மாணவனைப் பள்ளி மாணவர்களே சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டினார்கள். அவனுடைய தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று அது சொன்னது. கயிற்றின் நிறம் வரை சாதி பேசும் இடத்தில் ஒரு மாணவன் வந்து ‘கோட்டாவுல வந்தவன்னு கிண்டல் பண்றாங்க’ என்கிறான். ஆலோசகர், ‘அதையெல்லாம் கண்டுக்காதே, படிப்புல கவனம் வை, தன்னம்பிக்கை வளர்த்துக்கோ’ என்கிறார். அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவனுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பது ஆலோசனை ஆகாது. அவன் சொன்னதை நடந்ததாக ஏற்றுக்கொள்வதும், பள்ளியில் யாரிடம் எப்படிப் புகார் கொடுப்பது என்று பார்ப்பதும், கொடுத்த பிறகு அவன் பாதுகாப்பு என்ன ஆகும் என்று யோசிப்பதும் ஆலோசகர் வேலையில் சேர்ந்ததுதான்.

‘இஸ்லாமியக் குடும்பங்கள் இப்படி, பழங்குடியினர் இப்படி, கிராமத்துப் பெண்கள் இப்படி’ என்று சமூகத்துக்கு ஒரு ஸ்லைடு போடும் வழக்கம் அடுத்தது. கேட்பவர்கள் ஒழுங்காகக் குறிப்பெடுப்பார்கள், ஆபத்தே அதில்தான். புர்கா அணிந்து வந்த பெண் வங்கி வேலையில் டார்கெட் நெருக்கடியைப் பற்றிப் பேச வந்திருப்பார். ஆலோசகர் ‘வீட்டுல வேலைக்கு விடுறாங்களா?’ என்று ஆரம்பிப்பார். மெலனி டெர்வலன், ஜான் மரே கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1998லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பிறர் பண்பாட்டைப் படித்து முடித்துவிட்டோம் என்ற நினைப்பு வேண்டாம், பணிவோடு கேட்டுக்கொண்டே இருப்பதும் தன்னையே சோதித்துக்கொள்வதும் ஆயுள்கால வேலை என்பது அவர்கள் வாதம். ஸ்லைடைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரலாறும் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சமூகத்தைப் பற்றித் தெரிந்தது, முன்னால் இருக்கும் நபரைப் பற்றித் தெரிந்ததாக ஆகிவிடாது.

திருநங்கை ஒருவரை அழைத்து வந்து மதிய உணவுக்கு முன் அரை மணி நேரம் கதை சொல்லச் சொல்வது இன்னொரு சடங்கு. வீட்டைவிட்டுத் துரத்தியது, பட்ட அவமானம், பிச்சை எடுத்தது என அவர் எல்லாவற்றையும் மறுபடி வாழ்ந்து காட்ட வேண்டும். பிறகு கேள்வி நேரம். முதல் கேள்வி ஆபரேஷன் பற்றியதாக இருக்கும். கிளம்பும்போது பொன்னாடை, நினைவுப் பரிசு. பணம் என்ற பேச்சே இருக்காது. அதே மேடையில் பேசிய பேராசிரியருக்குக் கவரில் தொகை போயிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவரை அழைப்பதானால் சக பயிற்சியாளராக அழையுங்கள்: ரோல் ப்ளேயைத் திருத்தட்டும், படிவத்தைப் பார்த்து எது புண்படுத்துகிறது என்று சொல்லட்டும். எல்லாருக்கும் தருகிற அதே மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒரு நீதிமன்றத்திலிருந்து வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, ஒருவரை ஒருவர் காதலித்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கே இதில் முன்முடிவுகள் இருக்கின்றன என்று பதிவுசெய்துவிட்டு, தீர்ப்பு எழுதும் முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார் அவர். 2021 ஜூன் 7 உத்தரவில், பால் ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதற்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. ஆனாலும் பெற்றோர் வந்து அழும்போது ‘கொஞ்ச நாள் அனுப்புங்க, பேசிப் பார்க்கலாம், சரியாயிடும்’ என்று சொல்லிவிடுகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆறுதல் சொன்னதாகத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். பெற்றோருக்கு அந்த நேரத்தில் என்ன சொல்வது என்பதை வாக்கியம் வாக்கியமாகப் பழக்கிக் கொடுக்காத பயிற்சி, சட்டத்தை மட்டும் ஒப்பித்துவிட்டுப் போகிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஊரார் ஏற்றுக்கொண்ட ஒழுக்க, பண்பாட்டு நெறிகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது.

வீட்டில் அடிவாங்கி வரும் பெண்ணிடம் சொல்லும் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்ற ஆறுதலும் இதே வகைதான். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 2006ஆம் ஆண்டு விதிகளில் 14ஆவது விதி ஆலோசகர்களுக்கானது. அடித்ததற்குக் காரணம் சொல்லி நியாயப்படுத்த எதிர்த்தரப்புக்கு ஆலோசனையில் இடம் கிடையாது, அதை ஆரம்பிக்கும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்கிறது அது. நடைமுறையில், ‘நீங்க என்ன சொன்னீங்க, அவருக்கு ஏன் கோபம் வந்துச்சு?’ என்பதுதான் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாக இருக்கிறது.

சில விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காது கேளாத பெண்ணுக்கு அம்மாவை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். பிரச்சினையே அம்மாவாக இருக்கலாம். திருப்பூருக்கு வேலைக்கு வந்த ஒடிசாத் தொழிலாளிக்கு, அவரை அழைத்துவந்த ஏஜெண்ட் மொழிபெயர்ப்பதும் அதே வகை. உங்களிடம் மொழி தெரிந்தவர் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, பல இந்திய மொழிகளில் பேசுகிறார்கள். ஆலோசனை அறை மாடியில் இருந்து லிஃப்ட் இல்லையென்றால், மாற்றுத்திறன் பற்றிய வகுப்பை எடுக்கும் முன் அறையைக் கீழே மாற்றுங்கள்.

சாமி, பேய், செய்வினை என்று வருபவர்களிடம் சிரிப்பது ஒரு தவறு, ‘அது உங்க நம்பிக்கை’ என்று அப்படியே விட்டுவிடுவதும் தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு வந்தது. மந்திரிக்கப் போவதை நிறுத்தினால்தான் மருந்து என்று நிபந்தனை போட்டால், பெரும்பாலான குடும்பங்கள் மருந்தைத்தான் நிறுத்தும்.

இனி ஆலோசகரின் மனநலப் பயிற்சி. மூச்சுப்பயிற்சி, கொஞ்சம் யோகா, பலூன் விளையாட்டு, குரூப் போட்டோ. யோகாவில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில், மாதம் இத்தனை கேஸ் காட்ட வேண்டும் என்ற கணக்கோடு வேலை பார்ப்பவரிடம் ‘உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது, பளுவை இறக்காமல் மாட்டுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவதற்குச் சமம். வேலைக் களைப்பை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடத்தைச் சார்ந்த நிகழ்வு என்றுதான் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் வைத்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பயிற்சி அறையில் உட்கார வேண்டியவர்களில் திட்ட மேலாளரும் ஒருவர். ஒரு நாளைக்கு எத்தனை பேர், இரண்டு பேருக்கு நடுவில் எத்தனை நிமிடம், தற்கொலை எண்ணத்தோடு வந்தவரிடம் பேசி முடித்த பிறகு அடுத்த ஆளை உடனே உள்ளே விடுவதா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது.

சூப்பர்விஷன், அதாவது ஆலோசகர் தன் கேஸ்களையும் அவை தன்னைப் பாதிப்பதையும் இன்னொருவரிடம் பேசிப் பார்ப்பது, என்ற பெயரில் நடப்பதையும் பார்க்க வேண்டும். மாதாந்திர ரிப்போர்ட் கேட்பவரே சூப்பர்வைசராக இருந்தால், ‘அந்தப் பொண்ணு பேசினதக் கேட்டதுலருந்து ராத்திரி தூக்கமில்ல’ என்று அவரிடம் யார் சொல்வார்கள்? கான்ட்ராக்ட் புதுப்பிப்பும் அவர் கையெழுத்தில்தானே இருக்கிறது. பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பதால் கேட்பவரின் உலகப் பார்வையே மாறிப்போவதை மெக்கேன், பேர்ல்மேன் என்ற இருவர் 1990இல் விவரித்தார்கள். தன் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பவே பயப்படும் ஆலோசகரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை மதிப்பெண் போடாத ஒருவரிடம் பேச மாதம் இரண்டு மணி நேரமாவது வேண்டும். வெளியாள் கிடைக்கவில்லையா, பக்கத்து மாவட்ட ஆலோசகர்கள் நாலு பேர் சேர்ந்து பெயர் மறைத்துப் பேசிக்கொள்ளலாம்.

ஆலோசகர்களும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல என்பது இந்த இடத்தில் மறந்துபோகும். தன் சாதியை எதிரில் இருப்பவர் திட்டிப் பேசுவதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருக்கும் தலித் ஆலோசகர் உண்டு. அவருக்கு அன்று என்ன ஆதரவு? ‘ப்ரொஃபஷனலா இருங்க’ என்பதைத் தவிர நிறுவனத்திடம் என்ன பதில் இருக்கிறது? பயிற்சியில் சாதி பற்றிய பகுதி வந்ததும் எல்லாரும் திரும்பி அவரையே பார்ப்பதும், ‘நீங்க சொல்லுங்களேன்’ என்பதும் களைப்பின் மேல் களைப்பு.

ரகசியம் காப்பது பற்றி ஒரு வார்த்தை. ‘எது சொன்னாலும் வெளியே போகாது’ என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கப் பழக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அதை முதல் சந்திப்பிலேயே, பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கேள்விப்பட்டால் அது இன்னொரு துரோகமாகத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்க, முன்னும் பின்னும் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். ‘எல்லா சமூகத்தினரையும் சமமாக நடத்துவேன்: ஆம் / இல்லை’. இல்லை என்று டிக் போட யாருக்குத் தைரியம் வரும்? அதைவிட உங்கள் வருகைப் பதிவேட்டை எடுங்கள். முதல் முறை வந்துவிட்டு இரண்டாவது முறை வராமல் நின்றுபோனவர்கள் யார் யார், எந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள், எந்த ஆலோசகரைப் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று பெயரில்லாமல் பிரித்துப் பாருங்கள். குறிப்பிட்ட பகுதியிலிருந்து வந்தவர்களே நின்றுபோகிறார்கள் என்றால் பன்முகத்தன்மைப் பயிற்சி தேவை. சாயங்காலம் வந்தவர்கள் நின்றுபோகிறார்கள் என்றால் அட்டவணையை மாற்றுங்கள்.