அகராதிப் புளுகு: தமிழ்ச் சொற்களோடு ஆடும் முறை

யாருக்கும் தெரியாத சொல் ஒன்றை அகராதியிலிருந்து எடுத்து, அதற்கு ஆளுக்கொரு பொய்ப்பொருளை எழுதிக் கொடுத்து, அந்தப் பொய்களுக்கு நடுவே இருக்கும் மெய்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆங்கிலம் பேசுவோரின் வீடுகளில் வெகுகாலமாக ஆடப்படுகிறது. 1984இல் கனடாவில் அது பால்டர்டாஷ் என்ற பெயரில் பெட்டி விளையாட்டாகவும் வெளிவந்தது. தமிழில் ஆடப் பெட்டி தேவையில்லை. நல்ல அகராதி ஒன்று, ஒரே அளவில் கிழித்த தாள்கள், ஒரே நிற மையுள்ள பேனாக்கள், நான்கு முதல் எட்டுப் பேர் இருந்தால் போதும்.

சுற்றுக்கு ஒருவர் ஆட்டத்தை நடத்த வேண்டும். அவர் சொல்லைத் தேர்ந்து, உரக்கப் படித்து, வல்லின றகரமா இடையின ரகரமா என்பது உட்பட எழுத்தெழுத்தாகச் சொல்லி, அது பெயரா வினையா என்பதையும் அறிவித்துவிடுவார். மற்றவர்கள் மூன்று நிமிடங்களுக்குள் தத்தம் பொய்ப்பொருளை எழுதிக் கொடுப்பார்கள். நடத்துபவர் உண்மைப் பொருளை அதே போன்ற தாளில் எழுதி, எல்லாவற்றையும் கலைத்து, எண்ணிட்டு இரண்டு முறை வாசித்த பிறகு ஒவ்வொருவரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். உண்மையைக் கண்டவருக்கு 2 புள்ளிகள்; நம் பொய்யை நம்பும் ஒவ்வொருவருக்கும் நமக்கு 1 புள்ளி; ஒருவர்கூட உண்மையைக் காணாவிட்டால் நடத்துபவருக்கு 3 புள்ளிகள். சொல்லின் பொருளை உள்ளபடியே அறிந்து எழுதிவிட்டவருக்கும் 3 புள்ளிகள் கொடுத்துவிடலாம்; ஆனால் இருவர் அவ்வாறு எழுதியிருந்தால் அந்தச் சொல்லைக் கைவிட்டு வேறு சொல்லுக்குப் போவதே நல்லது.

ஆட்டத்தின் உயிர் சொல்லைத் தேர்வதில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து விரல் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் பிரித்தால் பொருள் தெரிந்துவிடும் தொகைச்சொல் ஒன்றில்தான் விரல் போய் நிற்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஞகர வரிசையை மட்டும் பொறுமையாகப் புரட்டினாலே பல மாலைகளுக்குச் சொற்கள் தேறும். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி இன்னும் உதவியானது. அதன் பொருளகராதிப் பகுதியில் ஒரு பொருளைக் குறிக்கும் பல பெயர்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டிருப்பதால், நாம் நன்கறிந்த பொருளிலிருந்து புறப்பட்டு அதன் மறந்துபோன பெயரை அடையலாம்.

ஒலியே காட்டிக்கொடுக்கும் சொற்களைத் தவிர்க்க வேண்டும். ஞெண்டு என்றதுமே நண்டு நினைவுக்கு வந்துவிடும்; ஞிமிறு என்றால் அது வண்டு என்று எளிதில் தோன்றாது. கூடத்தில் இருப்பவர்களையும் பார்த்துத் தேர வேண்டும். உல்கு என்பதற்குச் சுங்கவரி என்று பொருள். அது திருக்குறளில் வருவதால், தமிழாசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கும் அவையில் எடுபடாது.

பொய்ப்பொருள் எழுதுவதில் புதியவர்கள் செய்யும் பிழை, மிக நீளமாகவும் அழகாகவும் எழுதிவிடுவது. அகராதி கதை சொல்வதில்லை. ‘ஒருவகை மரம்’ என்றோ ‘சிறுபறை’ என்றோ ஓரிரு சொற்களில் முடித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் ஞமலி என்ற சொல் வந்தபோது, ‘நெல் தூற்றும் சிறு முறம்’ என்பதையும் ‘மாலைப் பொழுதில் பாடும் பண்’ என்பதையும் நம்பியவர்கள், ‘நாய்’ என்ற ஒற்றைச் சொல்லை யாரோ சோம்பலில் எழுதியது என்று ஒதுக்கிவிட்டார்கள். அதுதான் மெய்ப்பொருள்.

இன்னும் தேர்ந்த வழி, சொல்லுக்குள் ஒரு பொய் வேரைக் காட்டுவது. ஆகுளி என்ற சொல்லுக்கு என் அத்தை எழுதியது, ‘மாடுகளைக் குளிப்பாட்டும் நீர்த்துறை’. ஆ என்றால் பசு என்பதைப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு ‘குளி’யும் சேர்ந்து வந்ததும் ஐயமே எழவில்லை. நடத்துபவர் நீங்கலாக ஐவர் ஆடிய அந்தச் சுற்றில் மூவர் துறையில் இறங்கிவிட்டார்கள். ‘சிறுபறை’ என்ற சரியான பொருளைத் தேர்ந்தவர் ஒருவர்தான். அவருக்கு 2, அத்தைக்கு 3. தமிழ் நன்றாகத் தெரிந்தவரைத்தான் இந்த உத்தி எளிதில் ஏமாற்றும் என்பதால், வயதும் படிப்பும் வேறுபட்ட ஒரு குடும்பத்தில் எல்லாரும் சமமாக ஆட முடிகிறது.

வினைச்சொல் வந்தால் பொய்ப்பொருளும் ‘சுருங்குதல்’, ‘விலகுதல்’ என்று தொழிற்பெயராகவே முடிய வேண்டும். சிறுவர்கள் பேச்சு வழக்கில் ‘ஓடிப்போறது’ என்று எழுதிக் கொடுத்தால், நடத்துபவர் அதை ‘ஓடிப்போதல்’ என்று திருத்தி வாசிக்கலாம், எழுத்துப்பிழையையும் நீக்கலாம், பொருளைத் தொடக் கூடாது. இந்த உரிமை அவருக்கு இல்லையென்றால் பத்து வயதுப் பிள்ளையின் பொய் ஒவ்வொரு சுற்றிலும் பிடிபட்டு, அந்தப் பிள்ளை மூன்றாம் சுற்றிலேயே எழுந்து போய்விடும்.

வாசிப்பிலும் கவனம் வேண்டும். பிறர் கையெழுத்தைப் படிக்கத் தடுமாறுபவர் தாம் எழுதிய உண்மையை மட்டும் சரளமாக வாசித்துவிட்டால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். எனவே, தாள்கள் கைக்கு வந்ததும் அவற்றை ஒரு முறை மனத்துக்குள் படித்துப் பார்த்துவிட்டு, பிறகே ஒரே குரலில் உரக்க வாசிக்க வேண்டும்.

விடையை அறிவித்ததும் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடாமல், அந்தச் சொல் எங்கே வழங்கியது என்பதையும் நடத்துபவர் ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. நான் விட்டுக்கொடுக்காத விதியும் அதுவே. குய் என்றால் தாளிப்பு. குறுந்தொகையில் ஒரு தலைவி கணவனுக்காகத் தயிர் பிசைந்து புளிப்பான குழம்பு சமைக்கும்போது, அந்தக் குய்ப்புகை அவள் கண்களில் நிறைகிறது. இதைக் கேட்ட அத்தை, மறுநாள் கடுகு வெடிக்கும் வாணலிக்கு முன் நின்றுகொண்டு, ‘குய் எடுத்தாச்சு, சாப்பிட வாங்க’ என்று அழைத்தார்.

எல்லாரும் ஒரு முறை நடத்தி முடித்ததும் புள்ளிகளைக் கூட்டலாம். ஆடிய சொற்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், அடுத்த முறை அதே சொல் திரும்ப வராது.