ஆடம் ஸ்மித்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வு விடையானாலும் சரி, பத்திரிகைக் கட்டுரையானாலும் சரி, பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் பெயர் வந்தால் கூடவே ஒரு வரியும் வந்துவிடுகிறது: அவரவர் தன்னலத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்றவர். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் அந்தக் 'கண்ணுக்குத் தெரியாத கை', அதாவது தன் லாபத்தை நினைப்பவரையும் அவர் நினைக்காத பொது நன்மைக்கு இட்டுச்செல்வதாக ஸ்மித் சொன்ன உவமை. 1776இல் வெளிவந்த அவருடைய 'நாடுகளின் செல்வம்' தடிமனான நூல். அதில் அந்தக் கை ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் நான்காம் பாகத்தில், இறக்குமதித் தடைகளைப் பற்றிய பேச்சில். முதலுக்குப் பாதுகாப்பு என்று வணிகர் உள்நாட்டிலேயே பணம் போடுகிறார். அவர் நினைக்காத நன்மை நாட்டுக்குக் கிடைக்கிறது. இதையே அவருடைய மொத்தக் கொள்கையாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது, 1759இல் வந்த 'அறவுணர்வுகளின் கோட்பாடு' நூலை எட்டிக்கூடப் பார்க்காமல் அவரைத் தன்னலத்தின் தத்துவஞானி ஆக்கிவிடுவது. அப்போது அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியர். அந்நூலில் ஓர் இடம். சீனாவை அதன் கோடிக்கணக்கான மக்களோடு நிலநடுக்கம் விழுங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம் என்கிறார். ஐரோப்பாவிலிருக்கும் நல்ல மனிதர் ஒருவர் வருத்தப்படுவார், வாழ்வின் நிலையாமை பற்றி நாலு வார்த்தை பேசுவார், அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இரவு குறட்டை விட்டுத் தூங்குவார். அதே ஆளுக்கு நாளைக்குச் சுண்டுவிரல் போகப்போகிறது என்றால் இன்றைக்குத் தூக்கம் வராது.

தன்னலமே எல்லாம் என்பவர் இங்கேயே பேனாவை மூடியிருப்பார். ஸ்மித் மேலே கேட்கிறார்: அந்த விரலைக் காப்பாற்றிக்கொள்ள அத்தனை உயிர்களையும் அவர் பலி கொடுப்பாரா? மாட்டார், நினைத்தாலே மனம் கூசும். மனசுக்குள் இருக்கும் பாரபட்சமற்ற பார்வையாளர், கூட்டத்தில் நீயும் ஒருவன்தான் என்று இடித்துரைப்பதுதான் காரணம். இந்த நூலைப் பெரிதாகத் திருத்தி, இறந்த ஆண்டான 1790இல் புதிய பதிப்பாகவும் கொண்டுவந்தார். ஆகவே, இளமையில் அறம் பேசியவர் பிற்பாடு மாறிவிட்டார் என்ற வாதமும் நிற்காது.

முதலாளிகளின் நண்பர் என்பது இன்னொரு தவறு. ஒரே தொழில்காரர்கள் சும்மா பொழுதுபோக்கக் கூடினாலும் பேச்சு கடைசியில் விலையை ஏற்றும் சதியில்தான் முடியும் என்று எழுதியவர் இவர். கிழக்கிந்தியக் கம்பெனியை அவர் விட்டுவைக்கவில்லை. வங்காளத்தில் மழை பொய்த்து வந்த தட்டுப்பாடு பஞ்சமாக முற்றியதில், கம்பெனி ஊழியர்கள் அரிசி வணிகத்தில் போட்ட கட்டுப்பாடுகளுக்கும் பங்கு இருக்கலாம் என்றார்.

குண்டூசிப் பட்டறையைப் பாதியில் விடுவதும் வழக்கமாகிவிட்டது. பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு நாளுக்கு 48,000 ஊசி செய்யும் கதை 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் அத்தியாயம். பாடப்புத்தகங்கள் அதோடு சரி. வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு செயலையே திரும்பத் திரும்பச் செய்பவன் மந்தபுத்திக்காரனாகிவிடுவான், அதைத் தடுக்க அரசு எளியவர்களுக்குக் கல்வி தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது ஐந்தாம் பாகம். அங்கே வரை யார் போகிறார்கள்? அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்றவராக அவரைக் காட்டுபவர்கள், வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும் என்று அவர் எழுதியதையும் படித்துவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. சட்டம், அரசு பற்றி அவர் சொன்னதாக எடுத்துக்காட்டுபவை பல, கிளாஸ்கோவில் மாணவர்கள் எடுத்த வகுப்புக் குறிப்புகள். தன் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதியைச் சாவதற்குச் சில நாள் முன்பு நண்பர்களைக் கொண்டு எரிக்கவைத்தார் ஸ்மித். குறிப்புகளிலிருந்து மேற்கோள் காட்டினால், அது மாணவர் குறிப்பு என்றே எழுதுங்கள்.