அரசியலமைப்பைப் பாதி வாசகத்தோடு சொல்லிக்கொடுக்காதீர்கள்

பினாங்கில் இடைநிலைப்பள்ளியின் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளிடம் மலேசிய அரசியலமைப்பின் 152-ஆவது விதி என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "மலாய் மொழி தேசிய மொழி" என்று டக்கென்று பதில் வரும். சரிதான், ஆனால் அது பாதிதான். அலுவல் காரியம் தவிர மற்றவற்றில் வேறு எந்த மொழியைப் பயன்படுத்துவதையும், எந்த மொழியையும் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்று அதே விதி தொடர்ந்து சொல்கிறது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று வழக்குப் போட்டபோது, 2021-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கே இந்த மீதிப் பாதி தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

153-ஆவது விதியைச் சொல்லிக்கொடுக்கும் நிலை இன்னும் மோசம். வீட்டில் ஆற்றாமையோடு பேசுவார்கள், வகுப்பில் பயந்து தாண்டிவிடுவார்கள். மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலையோடு சேர்த்து மற்ற இனங்களின் நியாயமான நலன்களையும் காப்பது மாமன்னரின் பொறுப்பு என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறது. அந்த வாக்கியத்தை முழுசாக வாசிக்க வையுங்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. இந்த விதியையே கேள்வி கேட்பதைத் தடைசெய்து சட்டம் போட 10-ஆவது விதி நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது, ஆனால் அது அமலாகும் விதத்தைக் கேள்வி கேட்பதற்கு அங்கேயே விலக்கும் இருக்கிறது. கொள்கைக்கும் அமலாக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்த மாணவன் டிக்டாக்கில் எதைப் பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தானே யோசிப்பான்.

"பேச்சுரிமை எல்லாருக்கும் உண்டு" என்று பொதுவாகச் சொல்வதும் தவறு. 10-ஆவது விதியின் பேச்சுரிமை குடிமக்களுக்குத்தான், அதற்கும் வரம்புகள் உண்டு. ஆனால் சட்டத்தின் முன் சமம் என்கிற 8-ஆவது விதி "எல்லா நபர்களும்" என்றுதான் தொடங்குகிறது, அப்படியென்றால் பிறை வட்டாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளியும் அதில் அடக்கம். இதைச் சொல்லும்போது வகுப்பில் வாக்குவாதம் வரும், வரட்டும், அவசரப்பட்டு அடக்காதீர்கள்.

அப்புறம், ருக்குன் நெகாரா என்கிற தேசியக் கோட்பாட்டை ஒப்புவித்தால் அரசியலமைப்புப் பாடம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது 1970-இல் வந்த பிரகடனம். அரசியலமைப்புதான் நாட்டின் உச்சச் சட்டம், 4-ஆவது விதி அதைச் சொல்கிறது.

பொறுப்புள்ள குடிமகன் என்றால் கொடி கட்டுவது, கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுத் துப்புரவுப் பணிக்குப் போவது என்று நிறுத்திவிடுகிறார்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் வாக்காளராகத் தானாகவே பதிவாகிவிடும், தொகுதி அடையாள அட்டை முகவரியைப் பொறுத்தது. பட்டர்வொர்த் முகவரியோடு கோலாலம்பூரில் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஓட்டு இங்கேதான். 2022 பொதுத்தேர்தலில் பினாங்கில் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் ஓட்டு, சட்டமன்றத் தேர்தல் 2023 ஆகஸ்டில் தனியாக வந்தது. அதனால் ஐந்தாம் படிவம் முடியும் முன்பே ஒவ்வொருவரும் தங்கள் நாடாளுமன்றத் தொகுதி எது, சட்டமன்றத் தொகுதி எது, அங்கே இப்போது யார் உறுப்பினர் என்று தேடி எழுதி வரச் சொல்லுங்கள்.